செந்தூல் கொண்டோவை ஹோம்ஸ்டே ஆக்கினால் உண்மையிலேயே இலாபம் வருமா?

கிள்ளான்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் எங்களுக்கு இரண்டு படுக்கையறைகள் கொண்ட கொண்டோமினிய வீடு ஒன்று இருக்கிறது. மகள் அந்தப் பக்கம் கல்லூரியில் படித்தபோது, மாதா மாதம் அறை வாடகை கொடுப்பதைவிட அந்தப் பணத்தை வங்கித் தவணையாகக் கட்டினால் ஒரு சொத்தாவது மிஞ்சும் என்று என் கணவர் எண்ணி வாங்கியது. மகள் திருமணமாகி ஈப்போவுக்குப் போன பின் ஒரு குடும்பத்துக்கு மாதம் 1,900 ரிங்கிட் வாடகைக்கு விட்டிருந்தோம். நான்கு ஆண்டுகளில் ஒரு மாதம்கூட வாடகை தவறாத நல்ல மனிதர்கள். சொந்த வீடு அமைந்துவிட்டதால் சென்ற மாதம் சாவியைத் திருப்பித் தந்துவிட்டார்கள்.

வங்கித் தவணை மாதம் 1,950 ரிங்கிட். பராமரிப்புக் கட்டணமும், பெரிய பழுதுகளுக்காகச் சேர்க்கும் சிங்கிங் ஃபண்டும் சேர்ந்து 330. ஆக, வாடகை ஒழுங்காக வந்த காலத்திலேயே மாதம் 380 ரிங்கிட்டைக் கையிலிருந்து போட்டுக்கொண்டிருந்தோம். மதிப்பீட்டு வரி, நிலவரி, தீக்காப்புறுதி ஆகியவை அதற்கு மேல். கணவர் பணி ஓய்வு பெற்றுவிட்டார். எனக்கும் இன்னும் மூன்று ஆண்டுகளே இருக்கின்றன. அதற்குள் இந்த வீடு தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வர வேண்டும் என்பது என் கவலை.

என் அக்காள் மகன், "சித்தி, மாத வாடகைக்கு விடாதீர்கள், ஹோம்ஸ்டே செய்யுங்கள்" என்கிறான். பத்துமலை பக்கத்தில் இருக்கிறது, ரயில் நிலையம் நடக்கும் தூரம், ஓர் இரவுக்கு 180 முதல் 200 ரிங்கிட் வரை கேட்கலாம், மாதத்தில் 20 இரவுகள் நிரம்பினாலே நான்காயிரம் என்பது அவன் கணக்கு. எங்கள் அடுக்ககத்திலேயே இரண்டு மூன்று வீடுகள் அப்படித்தான் நடக்கின்றன; கம்பிக் கதவில் சாவி வைக்கும் எண் பூட்டுப் பெட்டி தொங்குவதை நானே பார்த்திருக்கிறேன். கட்டில், மெத்தை, குளிர்சாதனம், சலவை இயந்திரம் எல்லாம் வாங்க ஏறத்தாழ 18,000 ரிங்கிட் ஆகும் என்று கணித்திருக்கிறோம். அது எங்கள் சேமிப்பில் ஒரு பெரிய பகுதி.

பணத்தை எடுப்பதற்கு முன் அனுபவமுள்ளவர்களிடம் கேட்டுவிட வேண்டும் என்று எழுதுகிறேன். இப்படிச் செய்வதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? அவன் சொல்லும் நான்காயிரம் உண்மையில் கைக்கு வருமா? வருமான வரியை எப்படிக் காட்டுவது?

ஒன்பதாம்மாடி எழுதியது:

வணக்கம், சகோதரி. நான் ஹோம்ஸ்டே நடத்துபவன் அல்லன். கோலாலம்பூரில் வேறோர் அடுக்ககத்தில் குடியிருப்பவன். அங்கே நிர்வாகக் குழுவில் நான்கு ஆண்டுகள் இருந்தவன். ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மற்ற இரண்டும் இதற்குப் பிறகுதான் வர வேண்டியவை.

தரை வீடு வேறு, கொண்டோ வேறு. கொண்டோவில் நான்கு சுவர்களுக்கு உள்ளே இருப்பது உங்களுடையது. மின்தூக்கி, நடைபாதை, நீச்சல் குளம், வாகன நிறுத்துமிடம் எல்லாம் அனைவருக்கும் பொது. அந்தப் பொதுவாழ்க்கைக்காக இயற்றப்பட்டதுதான் 2013-ஆம் ஆண்டின் ஸ்ட்ராடா நிர்வாகச் சட்டம். அதன் 70-ஆவது பிரிவு, வீட்டு உரிமையாளர்கள் அடங்கிய நிர்வாகக் கழகம் சிறப்புத் தீர்மானம் ஒன்றின் வழியாகக் கூடுதல் துணைவிதிகளை ஏற்படுத்திக்கொள்ள இடம் தருகிறது. 21 நாள் முன்னறிவிப்பு கொடுத்து, பதிவான செல்லுபடியான வாக்குகளில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு கிடைத்தால் அந்தத் தீர்மானம் நிறைவேறும். அதே பிரிவில் உரிமையாளருக்கு ஒரு பாதுகாப்பும் இருக்கிறது: வீட்டை விற்பதையோ, குத்தகைக்கு விடுவதையோ, அடமானம் வைப்பதையோ எந்தத் துணைவிதியும் தடுக்கக் கூடாது. "என் வீட்டை வாடகைக்கு விடுவதை நிர்வாகம் எப்படித் தடுக்க முடியும்?" என்று பலரும் கேட்பது இந்த வரியை நம்பித்தான்.

அந்த வாதம் நீதிமன்றப் படிகள் அனைத்தையும் ஏறி முடிந்துவிட்டது. மோண்ட் கியாராவில் உள்ள வெர்வ் சூட்ஸ் அடுக்ககத்தின் நிர்வாகக் கழகம், குறுகிய கால வாடகையைத் தடை செய்து, மீறினால் நாளொன்றுக்கு 200 ரிங்கிட் அபராதம் என்று ஒரு விதியை நிறைவேற்றியது. சில உரிமையாளர்கள் அதை ஏற்காமல் தொடர்ந்து நடத்தியதால் வழக்கு உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கும், அங்கிருந்து கூட்டரசு நீதிமன்றத்துக்கும் போனது. 2020 அக்டோபரில் கூட்டரசு நீதிமன்றம் உரிமையாளர்களின் முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அதன் காரணத்தை நீங்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஓரிரு இரவுகள் தங்கிவிட்டுப் போகும் விருந்தினருக்கு அந்த வீட்டின் மீது குத்தகை உரிமை எதுவும் பிறப்பதில்லை. அவருக்குக் கிடைப்பது உள்ளே தங்குவதற்கான அனுமதி மட்டுமே. ஆகவே அதைத் தடுக்கும் துணைவிதி குத்தகையைத் தடுப்பதாக ஆகாது என்று நீதிமன்றம் கண்டது. அடுக்ககவாசிகளின் பாதுகாப்பையும் அமைதியையும் காக்க அத்தகைய விதியை ஏற்படுத்தும் அதிகாரம் நிர்வாகக் கழகத்துக்கு உண்டு என்பது அதன் முடிவு.

ஆகவே, நாடு முழுவதும் இது குற்றம் என்று யாராவது சொன்னால் அது தவறு. யாரும் தடுக்க முடியாது என்று சொன்னாலும் அது தவறுதான். உங்கள் அடுக்ககத்தின் துணைவிதி என்ன சொல்கிறது என்பதே கேள்வி. நிர்வாக அலுவலகத்துக்கு எழுத்து வடிவில் ஒரு கடிதம் கொடுத்து, இப்போது நடப்பில் உள்ள கூடுதல் துணைவிதிகளின் படியையும், அவை நிறைவேறிய கூட்டத்தின் குறிப்பையும் கேளுங்கள். முகப்பில் அமர்ந்திருக்கும் ஊழியர் "எல்லாரும் செய்கிறார்கள், பரவாயில்லை" என்று வாய்மொழியாகச் சொல்வதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். பூட்டுப் பெட்டிகள் தொங்குவதும் அனுமதிக்குச் சான்றாகாது. எங்கள் கட்டடத்தில் தடை வந்த பிறகும் எட்டு மாதங்கள் அவை தொங்கிக்கொண்டிருந்தன.

நாங்கள் ஏன் தடை கொண்டுவந்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மாடியில் எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மா தனியாக வசிக்கிறார். பக்கத்து வீடு ஹோம்ஸ்டே ஆன பிறகு, வீட்டு எண்ணைத் தவறாகப் படித்தவர்கள் நள்ளிரவு ஒரு மணிக்கு அவர் கதவைத் தட்டுவதும் கைப்பிடியைத் திருகிப் பார்ப்பதும் மாதத்தில் மூன்று நான்கு முறை நடந்தது. இருபது ஆண்டுகளாக அச்சமின்றி இருந்தவர், மகன் வீட்டுக்குப் போய்விடலாமா என்று கேட்கும் நிலைக்கு வந்தார். வந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். பயணக் களைப்பில் வழி தவறியவர்கள். ஆனால் ஒவ்வொரு வாரமும் புதிய முகங்கள் வரும்போது, யார் குடியிருப்பவர், யார் வழிப்போக்கர் என்று பாதுகாவலரால் பிரித்தறிய முடியவில்லை. அணுகல் அட்டைகள் எத்தனை பேர் கையில் இருக்கின்றன என்பதும் தெரியவில்லை. நீங்கள் அப்படி நடத்த மாட்டீர்கள் என்று நம்புகிறேன். என்றாலும், கிள்ளானில் இருந்துகொண்டு நள்ளிரவில் செந்தூல் வீட்டின் வாசலில் நடப்பதை உங்களால் பார்த்துக்கொள்ள முடியுமா என்பதை யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. உங்களைப் போன்றவர்களை அணுகி, "வீட்டை எங்களிடம் கொடுங்கள், மாதம் இவ்வளவு உறுதியாகத் தருகிறோம், நடத்துவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று கேட்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. துணைவிதி மீறப்பட்டால் அபராத அறிவிப்பு உரிமையாளர் பெயருக்குத்தான் வரும்; எங்கள் குழு அனுப்பிய அறிவிப்புகள் அனைத்தும் அப்படித்தான் போயின. மேலும், பராமரிப்புக் கட்டணத்தில் நிலுவை இருந்தால் கூட்டத்தில் வாக்களிக்கவும் முடியாது. கட்டிவிட்டு அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். உங்கள் வீட்டைப் பற்றிய முடிவு உங்கள் இல்லாமையில் எடுக்கப்பட வேண்டாம்.

கணக்கேடு எழுதியது:

அக்கா, வணக்கம். நான் கணக்காளர் வேலையில் இருப்பவன். 2016 முதல் இரண்டு வீடுகளைக் குறுகிய கால வாடகைக்கு நடத்திவந்தேன். இப்போது ஒன்றை மாத வாடகைக்கு மாற்றிவிட்டேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் ஏட்டில் கண்டதை வைத்துப் பதில் சொல்கிறேன்.

உங்கள் அக்காள் மகன் சொல்லும் நான்காயிரம் மொத்த வரவு. அதிலிருந்து கழிய வேண்டியவற்றை அவர் கழிக்கவில்லை. ஓர் இரவுக்குச் சராசரி 180 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். வார இறுதியில் 220 கிடைத்தாலும் செவ்வாய், புதன்கிழமைகளில் 140-க்கு இறங்க வேண்டியிருக்கும். மாதத்தில் 18 இரவுகள் நிரம்பினால் வரவு 3,240. முன்பதிவு வலைத்தளக் கட்டணத்துக்கும் தள்ளுபடிகளுக்குமாக 15 விழுக்காடு, அதாவது 486 போக 2,754. விருந்தினர் சராசரியாக இரண்டு இரவுகள் தங்குகிறார்கள் என்றால் மாதத்தில் ஒன்பது முறை வீட்டைத் துப்புரவு செய்து படுக்கை விரிப்புகளை மாற்ற வேண்டும். முறைக்கு 80 ரிங்கிட் என்றால் 720 போய் 2,034 மிஞ்சும். மின்சாரம், தண்ணீர், இணையம் மூன்றுக்கும் 320. வாடகைக் குடும்பம் தன் மின்கட்டணத்தைத் தானே கட்டும் என்பதால் அணைத்து அணைத்துப் பயன்படுத்தும். விருந்தினரோ குளிர்சாதனத்தை ஓடவிட்டுவிட்டுத்தான் ஊர் சுற்றப் போவார்கள். சோப்பு, குடிநீர், உடைந்த கண்ணாடிக் குவளை, கறைபட்ட துண்டு, குழாய் பழுது என்று 140. கடைசியில் கையில் நிற்பது 1,574.

பழைய குடும்பம் உங்களுக்குத் தந்தது 1,900. ஆக, 18 இரவுகள் நிரம்பியும் மாதம் 326 ரிங்கிட் குறைவு. அதே முறையில் கணக்கிட்டால் 21 இரவுகளில்தான் 1,913 வருகிறது. முப்பதில் 21 என்றால் 70 விழுக்காடு. அந்த அளவுக்கு நிரப்பினால்தான் பழைய வாடகையைத் தொடுகிறீர்கள். 18,000 ரிங்கிட் தளவாடச் செலவுக்கும், நள்ளிரவில் வரும் தொலைபேசி அழைப்புகளுக்கும் இன்னும் ஒரு காசும் ஈடாகவில்லை.

தைப்பூசத்தின்போது பத்துமலை அருகே எந்த அறையும் காலியாக இருக்காது என்பது உண்மைதான். பள்ளி விடுமுறையிலும் வீடு நிரம்பும். ஆனால் ஆண்டு முழுவதும் தைப்பூசம் அன்று. நோன்பு மாதத்தில் உள்நாட்டுப் பயணிகள் குறைந்துவிடுவார்கள். அந்த மாதத்தில் என் வீடு ஒன்பது இரவுகளுக்கு மேல் நிரம்பியதே இல்லை. இவை சேர்ந்துதான் ஆண்டுச் சராசரி. மேலும், சுற்றுவட்டாரத்தில் புதிய சேவை அடுக்ககம் ஒன்று திறக்கப்படும்போது, அதே விலையில் நீச்சல் குளத்தை மொட்டை மாடியில் காட்டும் நூறு வீடுகள் ஒரே நேரத்தில் போட்டிக்கு வந்துவிடும். 2019-க்குப் பிறகு நான் விலையை உயர்த்தவே முடியாமல் போனதற்கு அதுவே காரணம்.

அப்படியானால் இதில் இலாபம் காண்பவர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். அவர்கள் கவனிப்பது ஓர் இரவின் விலையை அன்று. ஒரு விருந்தினர் எத்தனை இரவுகள் தங்குகிறார் என்பதை. அதே 18 இரவுகளை ஒன்பது விருந்தினருக்குப் பதிலாக மூன்று விருந்தினர் ஆறு ஆறு இரவுகளாக எடுத்துக்கொண்டால், துப்புரவுச் செலவு 720-லிருந்து 240-ஆக இறங்கி, கையில் 2,054 நிற்கும். விலையில் ஒரு ரிங்கிட்கூட ஏற்றாமல் மாதம் 480 கூடுகிறது. வாசலில் சாவி கைமாறும் தடவை குறைவதால் அண்டை வீட்டாருக்கும் தொல்லை குறைகிறது. நான் வைத்திருக்கும் ஒரு வீடு இன்னும் ஓடுவது இந்த ஒரு மாற்றத்தால்தான். அதுவும் அந்த அடுக்ககத்தின் துணைவிதி குறுகிய கால வாடகையை அனுமதிக்கிறது என்பதால். ஒன்பதாம்மாடி ஐயா சொன்ன கடிதத்தைக் கொடுக்காமல் ஒரு மெத்தைகூட வாங்காதீர்கள்.

கிள்ளான்வாசி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த அம்மாவைப் பற்றிப் படித்தபோது எனக்கு என் மாமியார் நினைவுதான் வந்தது. கதவு தட்டும் ஓசைக்கே அவர் நடுங்கிப்போவார். நாளை விடுப்பு எடுத்துக்கொண்டு நிர்வாக அலுவலகத்துக்குக் கடிதத்தோடு போகிறேன்.

தம்பி கணக்கேடு, வரியைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். இதுவரை வாடகையை என் கணவர்தான் தன் பாரத்தில் காட்டிவந்தார். வட்டியையும் மதிப்பீட்டு வரியையும் கழித்துக்கொள்வார் என்பது மட்டும் தெரியும்.

கணக்கேடு எழுதியது:

அக்கா, உங்கள் கணவர் செய்துவந்தது சரியான முறை. சாதாரண மாத வாடகை, வருமான வரிச் சட்டத்தின் 4(டி) பிரிவில் வாடகை வருமானமாக வருகிறது. கடன் வட்டி, மதிப்பீட்டு வரி, நிலவரி, தீக்காப்புறுதி, பழுதுபார்ப்பு ஆகியவற்றைக் கழிக்கலாம். தவணையில் அசல் தொகையைக் கழிக்க முடியாது. ஓர் ஆண்டில் செலவு வாடகையை மிஞ்சினால் அந்த நட்டத்தைச் சம்பளத்துக்கு எதிராகக் கழிக்கவோ, அடுத்த ஆண்டுக்கு எடுத்துச்செல்லவோ இயலாது. புதிதாக வாங்கும் தளவாடங்களின் விலைக்கும் இங்கே கழிவு இல்லை. பழையது தேய்ந்து அதற்கு மாற்றாக வாங்குவதற்குத்தான் உண்டு.

குறுகிய கால வாடகையில் நிலைமை மாறலாம். வீட்டோடு சேர்த்துப் பராமரிப்புச் சேவைகளையும் துணைச் சேவைகளையும் விரிவாகவும் முனைப்பாகவும் நீங்களே வழங்கினால், உள்நாட்டு வருமான வரி வாரியம் அதை 4(ஏ) பிரிவில் வணிக வருமானமாகக் கருதும். அப்போது தளவாடங்களுக்கு மூலதனப் படி, அதாவது தேய்மானத்துக்கான வரிக்கழிவு, கோரலாம். நட்டத்தை அதே ஆண்டின் பிற வருமானத்துக்கு எதிராக வைக்கலாம். அதற்கு ஈடாக, வணிக வருமானம் இல்லாதவர்களுக்கான பிஇ பாரத்துக்குப் பதில், வணிகம் செய்பவர்களுக்கான பி பாரத்தில் கணக்குக் காட்டி, வரவு செலவு ஏடுகளையும் பற்றுச்சீட்டுகளையும் ஏழு ஆண்டுகள் காத்து வைக்க வேண்டும். எந்தப் பிரிவு என்பது நீங்கள் உண்மையில் என்ன சேவை செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எது இலாபமோ அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு இல்லை. வீடு இருவர் பெயரிலும் இருந்தால் வருமானத்தையும் பங்குப்படி இருவரும் காட்ட வேண்டும்.

சுற்றுலா வரியைப் பற்றியும் ஒரு சொல். மலேசியர் அல்லாத, நிரந்தரவாசத் தகுதியும் இல்லாத விருந்தினர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் செலுத்த வேண்டும். 2017 செப்டம்பரில் தொடங்கிய இந்த வரியை, இணைய வலைத்தளங்கள் வழியாகச் செய்யப்படும் பதிவுகளுக்கு அந்த வலைத்தளங்களே வசூலிக்க வேண்டும் என்ற விதி 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அது உங்கள் வரவு அன்று. அதை வருமானமாக எண்ணிவிடாதீர்கள்.

தஞ்சோங்வாசி எழுதியது:

வணக்கம். பினாங்கிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தீவின் கதை கோலாலம்பூரின் கதை அன்று என்றாலும், அக்காவுக்கு ஒரு வழி காட்டக்கூடும் என்பதால் சொல்கிறேன்.

தஞ்சோங் தோக்கோங்கில் எனக்குள்ள கொண்டோவை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஹோம்ஸ்டேயாக நடத்தினேன். இந்தச் சொல்லையே நாம் பிழையாகப் பயன்படுத்துகிறோம் என்பது என் நெடுநாள் மனத்தாங்கல். 1995-இல் பகாங் மாநிலத்தின் தெமர்லோவில் அரசு தொடங்கிய ஹோம்ஸ்டே திட்டம், விருந்தினர் ஒரு கம்பத்து (கிராமத்து)க் குடும்பத்தோடு தங்கி, அவர்கள் உண்பதை உண்டு, அவர்கள் வாழ்க்கையைக் கண்டு வருவது. ஆளில்லாத வீட்டில் பூட்டுப் பெட்டியைத் திறந்து தங்குவதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. விஷயத்துக்கு வருகிறேன். 2023-இல் இங்கே வழிகாட்டி விதிகள் வந்தன. தீவில் குடியிருப்பு வகை அடுக்ககங்களில் குறுகிய கால வாடகைக்கு இடமில்லை. சேவை அடுக்ககம் போன்ற வணிக வகைக் கட்டடங்களில் மட்டும், உரிமையாளர் கூட்டத்தின் ஒப்புதலும் மாநகர் மன்றத்தின் பதிவும் இருந்தால் நடத்தலாம். என் வீடு குடியிருப்பு வகை. அன்றோடு நிறுத்திவிட்டேன். முதலில் மிகவும் மனம் நொந்தேன். அந்த வீட்டின் திரைச்சீலை முதல் தேக்கரண்டி வரை நானும் மனைவியும் பார்த்துப் பார்த்து வாங்கியவை.

வீடு மூன்று மாதங்கள் சும்மா கிடந்தது. பிறகு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றுக்கு ஆறு மாதப் பயிற்சிக்கு வந்த பொறியாளர் ஒருவர், தளவாடங்களோடு கூடிய வீடு வேண்டும் என்று முகவர் வழியாகக் கேட்டார். முறையான வாடகை ஒப்பந்தம் எழுதி, முத்திரைத் தீர்வை செலுத்தி, நிர்வாக அலுவலகத்தில் அவர் பெயரைப் பதிந்து வீட்டைக் கொடுத்தேன். வெறும் வீடாக விட்டிருந்தால் 1,700 கிடைத்திருக்கும்; தளவாடங்களும் இணையமும் இருந்ததால் 2,400 தந்தார். மின்கட்டணம் அவருடையது. அவர் போன பின் அதே தொழிற்சாலையிலிருந்து இன்னொருவர் வந்தார். இப்போது நான்காவது ஆள் இருக்கிறார். ஆண்டில் ஓரிரு மாதம் காலியாக இருந்தாலும், ஹோம்ஸ்டே நடத்திய நாள்களில் கைக்கு வந்ததைவிடக் குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் துண்டு மடிக்கும் வேலை நின்று, பேரப்பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போக முடிகிறது.

செந்தூலிலிருந்து ரயிலில் போகும் தூரத்தில் கோலாலம்பூர் பெரிய மருத்துவமனை இருக்கிறது, கல்லூரிகள் இருக்கின்றன, நகர மையத்தின் அலுவலகங்கள் இருக்கின்றன. ஆறு மாதம், ஓராண்டு என்று தளவாடங்களோடு வீடு தேடுவோர் அங்கே நிச்சயம் இருப்பார்கள். 18,000 ரிங்கிட் செலவழிக்க வேண்டியதில்லை. கட்டில், அலமாரி, குளிர்சாதனம், சலவை இயந்திரம், மேசை ஆகியவற்றுக்கு ஏழெட்டு ஆயிரம் போதும். தங்கும் விடுதியைப் போல அலங்கரிக்கத் தேவையில்லை. தன் துணிமணிகளை அடுக்கிவைக்க ஒருவருக்கு இடம் வேண்டும், அவ்வளவுதான்.

கிள்ளான்வாசி எழுதியது:

மீண்டும் வணக்கம். நிர்வாக அலுவலகத்திலிருந்து எழுத்து வடிவில் பதில் கிடைத்துவிட்டது. மூன்று மாதங்களுக்குக் குறைவான எந்த வாடகைக்கும் எங்கள் அடுக்ககத்தில் அனுமதி இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு சிறப்புப் பொதுக்கூட்டத்தில் நிறைவேறிய துணைவிதியாம். அறிவிப்புக் கடிதம் எங்கள் பழைய முகவரிக்குப் போயிருக்கிறது, நாங்கள் பார்க்கவே இல்லை. பூட்டுப் பெட்டி தொங்கும் வீடுகளுக்கு ஏற்கெனவே அறிவிப்பு அனுப்பியிருப்பதாக அலுவலக மேலாளர் சொன்னார். முகவரியைத் திருத்திக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அக்காள் மகனிடம் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். கணக்கேடு தம்பியின் கணக்கை அவனும் தனியே போட்டுப் பார்த்துவிட்டு, 21 இரவுகள் நிரப்புவது எளிதன்று என்று ஒப்புக்கொண்டான். தஞ்சோங்வாசி ஐயா சொன்ன வழியில் போவதென்று கணவரும் நானும் முடிவு செய்திருக்கிறோம். பெரிய மருத்துவமனையில் மேற்பயிற்சிக்கு வரும் தாதியர் இருவர் ஓராண்டுக்கு வீடு தேடுவதாக உடன் பணிபுரியும் ஒருவர் சொல்லியிருக்கிறார்; தளவாடங்களோடு 2,300 வரை தர முடியுமாம். அது அமைந்தால் தவணையும் பராமரிப்புக் கட்டணமும் சேர்ந்த 2,280 ரிங்கிட்டை வீடே ஈட்டிவிடும். இந்த வீட்டை வாங்கிய நாளிலிருந்து அப்படி ஒரு மாதம்கூட அமைந்ததில்லை.

ஒரே ஒரு கேள்வி மீதம் இருக்கிறது. தளவாடங்களோடு விடும்போது முன்பணம் எவ்வளவு வாங்குவது முறை? முன்பு இருந்த குடும்பத்திடம் இரண்டு மாத வாடகையை வைப்புத் தொகையாக வாங்கியிருந்தோம். இருவரும் இளம் பெண்கள், ஒரே நேரத்தில் பெரிய தொகை கேட்கவும் மனம் வரவில்லை.

தஞ்சோங்வாசி எழுதியது:

அக்கா, மிகவும் மகிழ்ச்சி. நம் நாட்டு வழக்கப்படி இரண்டு மாத வாடகை வைப்புத் தொகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை முன்கூட்டியே என்று மொத்தம் மூன்றரை மாதத் தொகை வரும். 2,300-க்கு அது 8,050 ரிங்கிட். இளம் தாதியருக்கு அது பெரும் சுமைதான். வைப்புத் தொகையை இரண்டு தவணைகளில் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். தளவாடங்களுக்காகக் கூடுதல் வைப்புத் தொகை கேட்பதைவிட, சாவி கொடுக்கும் நாளில் ஒவ்வொரு பொருளையும் படம் எடுத்து, பட்டியல் இட்டு, இருவரின் கையெழுத்தையும் வாங்கி ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுங்கள். குளிர்சாதனத்தை ஆண்டுக்கு இருமுறை யார் செலவில் கழுவுவது என்பதையும் மறக்காமல் அதில் சேர்த்துவிடுங்கள். என் வீட்டில் வாடகைக்காரரோடு வந்த ஒரே கருத்து வேறுபாடு அதைப் பற்றியதுதான்.